கனடாவுக்குப் போன ஜூரி

…அதுவும் ஏன் கனடா என்று சொன்னார், பக்கத்தில் இந்தியா என்று சொல்லியிருக்கலாம், மட்டக்களப்பு என்று சொல்லியிருக்கலாம், பிள்ளை தாதியர் கல்லூரி ஹொஸ்டலில் நிற்கிறாள் என்ற உண்மையையே சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் மாமா பொய் சொல்லிப் பழகாத மனிதர், பழகாதவர்கள் சொல்லும்போதுதான் பொய் இவ்வளவு பெரிதாக வந்து விழும் போல… சிவமணி கோர்ட்டின் நீள வாங்கில் இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கி, மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் தாதியர் கல்லூரி ஆசிரியை மிஸ் டோரின் எழுதித் தந்த கடிதம் இருந்தது. இந்த மாணவிக்கு வரும் வாரம் இறுதிச் செய்முறைப் பரீட்சை, ஜூரிக் கடமையிலிருந்து தயவுசெய்து விலக்கிவிடுங்கள் என்று அழகான சாய்ந்த எழுத்து. அதை நீதிபதியிடம் நீட்டினால் போதும், நாளைக் காலையில் கஞ்சி போட்ட தொப்பியோடு வார்டில் நிற்கலாம். நீட்டாவிட்டால் வழக்கு முடியுமட்டும் இந்த வாங்குதான், அதற்குள் பரீட்சை வந்து போய்விடும், ஒரு நோயாளியின் கட்டிலருகில் நிறுத்தி வைத்து நடத்துகிற பரீட்சை அது, விட்டவர்களுக்காகத் திரும்ப நடத்தமாட்டார்கள், அடுத்த பிரிவுப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். கூடப் படித்தவர்களெல்லாம் ஸ்டாஃப் நேர்ஸாகிப் போய்விட, அவள் மட்டும் இன்னும் அரை வருஷம் மாணவியாக… யாழ்ப்பாணத்திலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் வந்து சேருகிற கடிதங்களில் அம்மா வேறெதையும் கேட்பதில்லை, 'எப்ப முடியும் பிள்ளை' என்று அதைத்தான் கேட்கிறாள்.

மாமி இரத்தினம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு புது விபரம் சேரும். "நான் குசினியில மீன் கழுவிக்கொண்டு நிக்கிறன், கேற்றடியில ஒரு காக்கிச் சட்டை. கையில கடுதாசி. 'சிவமணி எண்டு ஆரும் இஞ்ச இருக்கினமோ' எண்டு கேட்குது. உன்ர மாமா ஒரு கணம் யோசிச்சவரெண்டோ நினைக்கிறாய்? 'அவ கனடாவுக்குப் போட்டா' எண்டார். எப்ப எண்டு கேட்டதுக்குப் போன மாசம் எண்டார். அதோட விட்டாரோ? 'அங்கத்தைக் குளிர் இன்னும் பிள்ளைக்கு ஒத்துவரேல்லையாம்' எண்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது." ஆனால் மாமாவை எப்படிக் குறை சொல்வது, அந்த வருஷங்களில் வெள்ளவத்தையில் வயதுவந்த ஒரு பிள்ளையின் பெயர் காக்கிச் சட்டைக்காரன் வாயில் வந்தால் அது நல்லதுக்காக இருந்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் தயாராக இருந்தது, அதில் கனடாதான் நல்ல பதில், ஏனென்றால் பக்கத்து வீட்டில் போய் விசாரிக்க முடியாது, நம்பாமலிருக்கவும் முடியாது, நாலு வீட்டுக்கு ஒருவர் உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். அரசாங்கத் திறைசேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற கனகசபாபதி மாமா, பஸ்ஸில் கொண்டக்டர் டிக்கெட் தர மறந்தால் இறங்கிப்போய்க் கேட்டு வாங்குகிற கனகசபாபதி, அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார். அவளுடைய பெயரை வாக்காளர் இடாப்பில் ஓடியோடிப் பதிந்தவரும் அவர்தான், 'இஞ்சத்தை இடாப்பில பெயர் இருக்கிறது எங்களுக்குக் காவல்' என்று சொல்லிக்கொண்டு. அந்த இடாப்பிலிருந்துதான் ஜூரிப் பட்டியலுக்கும் பெயர் எடுக்கிறார்கள் என்று அவருக்கு அப்போது தெரியாது, பாவம்.

பிறகு மாசங்கள் கழித்து அந்தக் காக்கிச் சட்டை திரும்பவும் வந்தபோது சனிக்கிழமை, அவள் ஹொஸ்டலிலிருந்து வந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றாள், கேற்றைத் திறந்ததே அவள்தான். சிவமணி என்பது யார் என்றதற்கு நான்தான் என்றாள். அவர் அழைப்பாணையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் தலையைத் தூக்கி, பின்னால் துவாயும் தோளுமாக உறைந்துபோய் நின்ற மாமாவைப் பார்த்தார். "மகள் கனடாவில ஈந்து எப்ப வந்த, ஐயா?" மாமா கொஞ்சம் யோசித்து, "ராத்திரி" என்றார். அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். கோர்ட்டின் பிஸ்கால் கந்தோரில் அழைப்பாணை சேர்ப்பிக்கிற பதியுதீன் அவர், மருதானைக்காரர். "பயப்படாதீங்க ஐயா. எண்ட ஏரியாவில எந்த வீட்டைத் தட்டினாலும் கனடாதான். இப்பிடியே போனா அங்க எங்கட ஆக்களுக்கு நிக்க எடம் ஈக்காது." மாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், மாமாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது, இது குற்றஞ்சாட்டுகிற கடுதாசி இல்லை, குற்றம் செய்தானா இல்லையா என்று சொல்வதற்குக் கூப்பிடுகிற கடுதாசி என்று விளங்க அவருக்கு அரைக் கோப்பை தேத்தண்ணி எடுத்தது.

அவளுக்கோ பயம் போன இடத்தில் ஆசை வந்துவிட்டது, அது அவளுடைய குணம், எந்தச் சாமானும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் விடமாட்டாள். இதயத்தின் வால்வு எப்படி ஒரு பக்கம் மட்டும் திறக்கும் என்பதை மாமிக்கு மண்ணெண்ணெய் இறைக்கிற பம்பை வைத்து விளக்கியவள். பதியுதீனும் அதே சாதியாக இருந்தார், கேட்கக் கேட்கச் சொன்னார். பெரிய வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவனிடமே கேட்பார்களாம், உனக்கு எந்தப் பாஷை பேசுகிற ஜூரி வேண்டும் என்று. சிங்களமா, தமிழா, இங்கிலீஷா. அவன் தமிழ் என்று சொன்னால் தமிழ் பேசுகிற ஏழு பேரைத் தேடிக் கொண்டுவந்து உட்கார்த்த வேண்டும். நீதிபதிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், சட்டத்தரணிகளுக்கு வேண்டும், அந்த ஏழு பேருக்கு மட்டும் வேண்டாம். ஏழில் ஐந்து பேராவது ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. ஆரை எடுப்பது என்பதைக்கூட அவர்கள் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது, பெயர்களை மடித்துப் பெட்டியில் போட்டு, எல்லாரும் பார்க்கக் கையை விட்டு எடுப்பார்கள். இவ்வளவு கவனமாகவா, என்று அவள் வியந்துபோனாள்… அந்த வியப்பு திங்கட்கிழமை பரீட்சைத் திகதியைப் பலகையில் காணும் வரைக்கும்தான்.

இன்றைக்குக் காலையில் மாமா நான் வாறன் என்றார். வேண்டாம் மாமா, நான் தனியப் போவன், என்றாலும் வந்தார். காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கியபோது அடையாள அட்டையை எடு என்று தன்னுடையதையே இரண்டு தரம் எடுத்துக் காட்டினார். கோர்ட் வாசல் வரை வந்தவர் படியில் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டார். "என்னை ஆரும் அடையாளம் கண்டு, நீர்தானே பொய் சொன்னனீர் எண்டு கேட்டா?" "மாமா, அந்த மனுசன் வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சவர்." "அது வீடு பிள்ளை. இது கோர்ட்." இப்போது தெருவின் மறுபக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார், பதியுதீன் கண்டால் கட்டாயம் கூப்பிட்டுப் பகிடி பண்ணுவார், மாமா அதையும் தாங்கிக்கொண்டு இருப்பார். போகும்போது சொன்னது என்ன, "கடுதாசியைக் குடுத்திட்டு உடன வா, மாமி கட்டித் தந்த இடியப்பத்தை வீட்டிலயே போய்ச் சாப்பிடுவம்…" ஏன் ஒரு மனிதரின் அன்பு எப்போதும் எங்கிருந்தாவது கூட்டிக்கொண்டு போவதாகவே இருக்கிறது, வீட்டுக்கோ கனடாவுக்கோ.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மெயின் வீதியில் துணிக்கடை வைத்திருக்கிற ஸாலிஹ் ஹாஜியார். வந்ததிலிருந்து எல்லாரிடமும் ஒரே கேள்வி. "தங்கச்சி, நீங்க என்ன சாட்டுச் சொல்லப் போற?" பரீட்சை என்றாள். "ஆ, அது நல்ல சாட்டு. எனக்கு சீனி வருத்தம். டொக்டர்ட கடுதாசி ஈக்கி." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கடதாசியைப் பிரித்து இனிப்பான தொதல் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "ஹாஜியார், சீனி வருத்தமெண்டா தொதல் சாப்பிடலாமோ?" "தங்கச்சி நேர்ஸா?" "படிக்கிறன்." "அப்ப தங்கச்சிக்குத் தெரியுந்தானே, கொஞ்சம் தின்னாட்டித் தல சுத்தும்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அப்போதுதான் பக்கக் கதவு திறந்து அந்த மனிதனைக் கூண்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள், சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

சவுந்தரநாயகம் என்று பெயர் வாசித்தார்கள். கொட்டாஞ்சேனைக்காரன், மீன் சந்தையில் பெட்டி தூக்கினவன், கூடத் தங்கியிருந்தவனைக் கத்தியால் குத்திக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு, தான் குத்தவில்லை என்பது அவன் பதில். நாற்பது வயதிருக்குமா, விளக்கமறியல் சிறையில் இருந்தால் வயது கூடத் தெரியும், சரியாகச் சொல்ல முடியாது… வலது காலில் பாரம் போடாமல் நிற்கிறான், ஏன், கணுக்கால் வீங்கியிருக்கிறது, இங்கேயிருந்தே தெரிகிறது, பெருவிரலால் அழுத்தினால் குழி விழுமா விழாதா, விழுந்தால் ஒரு காரணம், விழாவிட்டால் வேறு காரணம், இரண்டு காலும் வீங்கியிருந்தால் இதயத்தைப் பார்க்க வேண்டும், ஒரு கால் மட்டுமென்றால்… சிவமணி, நீ என்ன செய்கிறாய், என்று தன்னையே பிடித்து நிறுத்தினாள். அவன் உன்னுடைய நோயாளி இல்லை. முதல் வருஷத்தில் விபத்து வார்டில் கட்டிலோடு விலங்கு போட்டு ஒருவனைக் கிடத்தியிருந்தார்கள், பக்கத்தில் பொலிஸ்காரன் கதிரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான், அவள் மெல்ல மிஸ் டோரினிடம் இவர் என்ன செய்தவர் மிஸ் என்று கேட்டாள். மிஸ் டோரின் பறங்கிப் பெண்மணி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் நோயாளிகளிடமே தமிழ் படித்தவர், கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "சைல்ட், அது பொலிஸ்காரன்ர சார்ட்டில இருக்கும். எங்கட சார்ட்டில டெம்பரேச்சர் மட்டுந்தான்." அன்றிலிருந்து அவள் அந்தக் கேள்வியை யாரைப் பற்றியும் கேட்டதில்லை, கேட்காமலிருப்பது ஒரு பெரிய இளைப்பாறுதல், காயத்துக்கு மருந்து கட்டினால் போதும், காயம் எப்படி வந்தது என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இங்கே அந்த ஒரே கேள்விக்காகத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அவளைப் பயப்படுத்துவது பரீட்சைதானா… அல்லது பரீட்சை என்பது அவளுடைய சீனி வருத்தமா?

ஆனால் இவன் ஏன் தமிழ் ஜூரி கேட்டான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், இங்குள்ள எல்லாரையும் விட. வார்டில் தமிழ் ஆள் யாராவது வந்தால் 'அந்தத் தமிழ் நங்கியைக் கூப்பிடு' என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லி அவளைத்தான் தேடுவார்கள். வத்தளையிலிருந்து ஒரு கிழவரைக் கொண்டுவந்திருந்தார்கள், நல்ல டொக்டர், பொறுமையான ஆள், சிங்களத்தில் வலிக்கிறதா என்று கேட்டார், கிழவர் தெரிந்த சிங்களத்தில் ஓம் என்றார், எங்கே என்றதற்கு நெஞ்சைக் காட்டினார், அவ்வளவுதான் அவரிடமிருந்த சிங்களம். அவள் போய்க் குனிந்து கேட்டபோதுதான் கொட்டியது, குத்துறதில்லை பிள்ளை, எரியிறதுமில்லை, ஆரோ ஏறிக் குந்தியிருக்கிற மாதிரி, இடது தோளால இறங்கிக் கைக்குள்ள உளையுது, சாப்பிட்டாப் பிறகில்லை, படியேறினா. அவள் திரும்பி அதைச் சொல்லச் சொல்ல டொக்டரின் முகம் மாறியது, கட்டில் மாறியது, மருந்து மாறியது. ஓம் என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு மனிதனை அடைத்துவிடலாம், திறந்து எடுக்க ஆள் வேண்டும். இவனும் அப்படித்தான் யோசித்திருப்பான், கத்தி எப்படி வந்தது, ஆர் முதல் கை வைத்தது, இதையெல்லாம் ஏழு பேராவது என் வாயிலிருந்தே கேட்கட்டும் என்று.

நீதிபதி வந்தார், எல்லாரும் எழும்பி உட்கார்ந்தார்கள். விலக்குக் கேட்பவர்கள் முன்னால் வரலாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஒருவருக்குக் கண் சத்திரசிகிச்சை, போகலாம். ஒருவருக்கு மகளின் கல்யாணம், போகலாம். ஸாலிஹ் ஹாஜியார் கடுதாசியை நீட்டினார், நீதிபதி அதைப் படித்துவிட்டு, கோர்ட்டில் நேரத்துக்குச் சாப்பாடு தருவார்கள், போய் இருங்கள் என்றார். வாங்குகளில் வெளிச்சம் தெரியத் தொடங்கியது, அவ்வளவு இடம் காலியாகிவிட்டது. சிவமணி கடிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், அடுத்தவர் முடிய எழும்ப வேண்டும். அப்போது நீதிபதி பதிவாளரைப் பார்த்து, இந்த வழக்கு இதற்கு முன்னும் ஜூரி போதாமல்தானே தள்ளிப்போனது என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றார் பதிவாளர். அழைப்பாணை கொடுத்தவர்கள் எங்கே? பதிவாளர் கோப்பைப் புரட்டினார். 'ரட கிஹில்லா' என்றார், வெளிநாடு போய்விட்டார்கள். இவர்? ரட கிஹில்லா. இவர்? அதுவும் அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லவில்லை, ஆனால் அவளுக்குச் சிங்களம் விளங்கும். அந்தப் பக்கங்களில் ஒன்றில் அவள் இருந்தாள், குளிர் ஒத்துவராத பிள்ளை. அவளும், அவளைப் போல குசினிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகளும் வராமல் விட்டதால் அந்த மனிதன் இன்னொரு மழைக்காலம் மறியலில் இருந்திருக்கிறான், கால் வீங்கியிருக்கிறது… மாமா, நீங்கள் ஒரு பாவமும் நினைத்துச் செய்யவில்லையே, என்னைக் காப்பாற்றத்தானே செய்தீர்கள், அந்தக் காப்பாற்றலின் மறுமுனை எங்கே போய் முட்டியது என்று கேற்றடியில் நின்ற உங்களுக்கு எப்படித் தெரியும்.

வேறு யாராவது, என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டபோதுதான் தான் எழும்பி நிற்பதை உணர்ந்தாள். எப்போது எழும்பினாள்? எல்லாரும் பார்த்தார்கள். பதிவாளர் கையை நீட்டினார், "கடிதமா, மிஸ்?" கட்டில்களும் தொப்பியும் அம்மாவின் கேள்வியும் ஒரு கணத்துக்குள் வரிசையாக வந்து நின்றன, மிஸ் டோரினின் சாய்ந்த எழுத்து விரலுக்குள் ஈரமாகிக்கொண்டிருந்தது. "இல்லை சேர்," என்றாள். "அப்ப ஏன் எழும்பினீங்கள்?" "கால் விறைச்சுப் போச்சு." ஹாஜியார் மெல்ல, "படிக்கிற புள்ள, நல்ல சாட்டை வீணாக்கிட்டீங்களே," என்றார். அவள் உட்கார்ந்தாள். அரை வருஷம்… அரை வருஷம் என்றால் எவ்வளவு பெரியது, இப்போது அதை நினைக்கக்கூடாது, பெட்டியைக் கொண்டுவருகிறார்கள்.

பெட்டி அவள் நினைத்ததை விடச் சின்னது. பதிவாளர் கையை விட்டுக் கலக்கி ஒரு துண்டை எடுத்து வாசிப்பார், அந்த ஆள் எழும்பி முன்னால் போவார், அரச சட்டவாதி ஒரு தரம் பார்ப்பார், மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி கூண்டடிக்குப் போய்க் கைதியிடம் குனிந்து கேட்பார். இருபக்கமும் ஓரிருவரைக் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அனுப்பலாம், இதைப் பதியுதீன் சொல்ல மறந்துவிட்டார், அல்லது சொன்னபோது அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போயிருந்தாள். ஸாலிஹ் ஹாஜியாரின் பெயர் வந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு போய் நின்றார். சட்டத்தரணி குனிந்தார், சவுந்தரநாயகம் ஹாஜியாரைப் பார்த்தான், ஏதோ சொன்னான், வேண்டாம் என்றார்கள். காலையிலிருந்து விடுதலைக்காகத் தவம் கிடந்த மனிதர், முகம் சிவந்துபோய்த் திரும்பி வந்தார். "என்னைய ஏன் வாணாம் எண்டான்? நான் அவனுக்கு என்ன செஞ்ச?" கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போதும் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பாவம், தான் தட்டிக் கழிக்க வந்தது தன்னைத் தட்டிக் கழிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பிறகு அவளுடைய பெயர். முன்னால் போய் நின்றாள். அரச சட்டவாதி தலையசைத்தார். மற்றச் சட்டத்தரணி கூண்டடிக்குப் போனார். சவுந்தரநாயகம் அவளைப் பார்த்தான், ஹாஜியாரைப் பார்த்ததை விட நேரம் எடுத்துப் பார்த்தான், எண்ணெய் தேய்த்து இழுத்துப் பின்னின தலையை, நகம் ஒட்ட வெட்டின கையை, முகத்தை. அவள் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள், வார்டில் ஒரு முகம் இருக்கிறது, நோயாளி பயப்படக்கூடாதென்று போட்டுக்கொள்கிற முகம், அதை இங்கே போடலாமா, அது பொய்யாகுமா… சட்டத்தரணி ஏதோ கேட்டார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான், பிறகு தலையை ஆட்டினான். ஆட்சேபனை இல்லை. அவளை ஜூரிப் பெட்டிக்குள் ஏற்றினார்கள், உறுதியுரை எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தார்கள், அவள் தமிழில் வாசிக்கத் தொடங்கினாள், அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் கேட்பதற்காக முன்னால் சாய்ந்தான்.

வார்டில் எந்த நோயாளியும் நேர்ஸைத் தெரிந்தெடுப்பதில்லை, முறைக்கு யார் வருகிறாளோ அவள் கையை நம்பிக் கிடக்க வேண்டியதுதான், அதனால் நம்பிக்கை என்பதை அவள் ஒருநாளும் ஒரு சாமானாக எடுத்துப் பார்த்ததில்லை, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதுமில்லை. காலையிலிருந்து, இந்த மனிதனை என்னால் நம்ப முடியுமா, முடியாவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் அவளை நம்ப வேண்டியிருந்தது, தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, நம்பியும் விட்டான். எதைக் கண்டு? அட்டையிலிருந்த கடைசி வரியை வாசித்து முடித்து அவள் நிமிர்ந்தபோது அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். சாட்சியைக் கேட்கலாம், நீதிபதியைக்கூட எழுதிக் கேட்கலாம், அவனிடம் போய், அண்ணை, என்னில என்ன கண்டனீங்கள் என்று கேட்க மட்டும் இந்த இடத்தில் ஒரு வழியும் வைத்திருக்கவில்லை.